மச்சானுக்கு, தடாகம் கழுவும் றோபோ வாங்குவது பற்றி

எசன், ஜெர்மனி,
வைகாசி, ஞாயிறு பின்னேரம்

அன்பின் மச்சான் கணேசலிங்கத்துக்கு,

இங்கே நானும் உமது அக்கா குணேஸ்வரியும் சுகமாக இருக்கிறோம். என் முதுகு மட்டும் எங்களோடு சேராமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. ரொறன்ரோவில் பனி கரைந்து நீரும் தங்கச்சி மகாதேவியும் வீட்டுக்கு வெளியே வந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிள்ளையார் உங்களை நல்லபடி பார்த்துக்கொள்வார். அங்கே அவருக்கு எங்களைவிடப் பெரிய கோயில்கள் இருப்பதாகக் கேள்வி.

கையால் எழுதிய கடிதம் வந்திருக்கிறதே, யாருக்கு என்னவோ என்று பதற வேண்டாம். உமது கேள்விக்கான பதிலைப் போன கிழமையே வாட்ஸ்அப்பில் வாயால் சொல்லி அனுப்பினேன். வீட்டுக்குள் மேலும் கீழும் நடந்து, கையை ஆட்டி, மூச்சு வாங்கி, நல்ல விளக்கமாகத்தான் சொன்னேன். அது உமக்கு வரவில்லை. எங்கள் கோயில் தீர்த்தத் திருவிழாக் குழுவுக்குப் போய்விட்டது. எசனிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள எங்கள் சனம் அத்தனையும் அதில்தான் இருக்கிறது. றோபோவைப் பற்றி நான் சொன்ன வசனம் இது: "வயிறு பெருத்த சாமானை வாங்கிப் போடாதையும். அது தண்ணிக்குள்ள இறங்கினால் பேந்து தன்ர பாட்டில ஏறாது. இழுத்து ஏத்த ஆள் வேணும், ஏறினவுடன வயித்தைத் திறந்து கழுவ வேணும்." தீர்த்தத்தன்று முதல் ஆளாகத் தண்ணீரில் இறங்குபவர் எங்கள் கோயில் தலைவர். அவருக்குக் கொஞ்சம் தாராளமான உடம்பு. அவர் பதிலுக்கு ஒரு கைகூப்பும் படம் மட்டும் போட்டார். ஐயர் ஒரு சிரிக்கும் முகத்தைப் போட்டு, உடனே அழித்தார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனபோது தலைவர் எனக்கு நேரே வந்து, வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டே மோதகம் தந்தார். நான் அதை நிலத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். ஆகையால்தான் கடதாசி. இதைப் பிழையான ஆளுக்கு அனுப்புவதென்றால் முகவரியைப் பிழையாக எழுத வேண்டும். அந்த அளவுக்கு நான் இன்னும் முன்னேறவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உமது மகன் சேயோன் மார்க்கம் நகரில் நீச்சல் தடாகத்தோடு வீடு வாங்கியிருக்கிறான், குடிபுகும் நாளில் தகப்பன் பரிசாகத் தடாகம் கழுவும் றோபோ ஒன்று கொடுக்கப்போகிறீர், எது நல்லது என்று அனுபவசாலியான என்னைக் கேட்டிருக்கிறீர். அனுபவசாலி என்று நீர் எழுதியதை உமது அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "என்ர தம்பி சின்னனில இருந்தே இப்பிடித்தான், ஆர் என்ன சொன்னாலும் நம்புவான்" என்றாள். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நீந்தத் தெரியாது. சலவை இயந்திரத்திலேயே ஒரேயொரு பொத்தானைத்தான் அமத்தத் தெரியும். அப்படிப்பட்ட என்னை ஒரு துறையில் நிபுணன் ஆக்கியது நான் செய்த பிழைகள்தான் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் மகள் சுஜானியும் மருமகன் மதீசனும் இங்கே எசனின் தென்புறத்தில், கெற்விக்கில் வாங்கிய வீட்டுப் படம் உமக்கு வந்திருக்கும். பின் வளவில் உள்ள தடாகம் படத்தில் வடிவாகத்தான் தெரியும். முந்திய சொந்தக்காரர்கள் அதை என்ன நினைப்பில் கட்டினார்களோ தெரியாது, நீட்டும் இல்லை வட்டமும் இல்லை, கஜுப் பருப்பு மாதிரி நடுவில் வளைந்திருக்கும். அந்த வளைவுக்குள் இலையை அள்ளினால் இந்தப் பக்கம் ஓடும், இந்தப் பக்கம் அள்ளினால் அந்த வளைவுக்குள் ஓடும். வேலிக்கு அப்பால் இருப்பவர் ஹெர் பிறிங்க்மன் என்ற ஓய்வு பெற்ற மனிதர். மரம் அவருடையது, இலை எங்களுடையது. மகள் பல் வைத்தியர். கிழமை முழுக்க ஊராரின் வாயைக் கழுவுகிறவளுக்கு வீட்டுத் தடாகத்தைக் கழுவ நேரமில்லை. மருமகன் கணினிக்காரன். அவனுக்கு அழுக்கு என்றால் திரையில் கை பட்ட அடையாளம்தான். ஆகவே அந்தப் பதவி எனக்கு வந்தது. ஓய்வூதியம் எடுத்த பிறகு நேர்முகப் பரீட்சை இல்லாமல் கிடைத்த முதல் பதவி.

சனிக்கிழமை காலையில் உமது அக்கா கட்டித் தரும் சாப்பாட்டோடு எஸ்-பான் ரயில் ஏறி, ஆற்றங்கரையில் இறங்கி நடந்து போவேன். வலைத்தடியால் இலை வாரி, தூரிகையால் சுவர் தேய்த்து, மருந்து அளந்து விட்டு முடிக்கும்போது மகள் எழும்பித் தேத்தண்ணியோடு வருவாள். இரண்டு பேரும் கரையில் இருந்து, கால்களைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு கதைப்போம். விரலைக் கடித்த நோயாளி, நோயாளிக்கு முன்னால் மயங்கி விழுந்த நோயாளியின் புருஷன், இப்படி அவளிடம் ஒவ்வொரு கிழமையும் ஏதாவது இருக்கும். என்னிடம் உமது அக்கா இருக்கிறாள். அதனால் எனக்கும் கதைக்கு முட்டில்லை. இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த நாட்டில் பெற்ற பிள்ளை வீட்டுக்குப் போவதற்கும் டெர்மின் எடுத்து நாள் நேரம் குறிக்க வேண்டும் என்பது உமக்குத் தெரியும். போதாததுக்கு அது மருமகன் வீடும்கூட. ஒரு காரணமும் இல்லாமல் போய்க் கதிரையில் குந்தியிருக்க எனக்குக் கூச்சம். என்ன மாமா திடீரென்று என்று மதீசன் கேட்கமாட்டான், தங்கமான பிள்ளை. நான்தான் என்னைக் கேட்டுக்கொண்டிருப்பேன். கையில் வலைத்தடி இருந்தால் அந்தக் கேள்வி வராது. வலைத்தடியோடு நிற்கிற மனுஷனை ஏன் வந்தாய் என்று உலகத்தில் ஒருவரும் கேட்பதில்லை.

போன இலையுதிர்காலத்தில் அந்தப் பதவிக்கு ஆபத்து வந்தது. ஹெர் பிறிங்க்மனின் இலை ஒன்று, எல்லா இலையையும் வாரி முடித்த பிறகு, வேண்டுமென்றே வந்து நடுவில் விழுந்தது. விட்டுவிட்டுப் போயிருக்கலாம். நான் போகவில்லை. எட்டினேன், இன்னும் கொஞ்சம் எட்டினேன், பிறகு தடியும் நானும் இலையும் ஒரே இடத்தில் இருந்தோம். நீந்தத் தெரியாதவன் ஆனபடியால் முறைப்படி மூழ்கத் தொடங்கினேன். கூப்பிட வேண்டிய கடவுள்களை எல்லாம் கூப்பிட்டேன். வேலிக்கு மேலால் ஹெர் பிறிங்க்மனின் தலை தெரிந்தது. "ஹெர் நித்தியானந்தன்," என்றார் அமைதியாக, "அந்த இடத்தில் நீங்கள் எழும்பி நிற்கலாம்." எழும்பி நின்றேன். உண்மைதான், தண்ணீர் நெஞ்சுக்குத்தான் இருந்தது. ஆனால் எழும்பிய வேகத்தில் முதுகில் ஏதோ ஒன்று இடம் மாறிவிட்டது. வைத்தியர் படம் எடுத்துப் பார்த்து, இனிக் குனியவும் கூடாது, எட்டவும் கூடாது, பாரம் தூக்கவும் கூடாது என்றார். பார்க்கலாமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

மகள் அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள். "அப்பா, இனிக் காணும். பிற்றே, சொல்வழி கேளுங்கோ. றோபோ வாங்குவம். நீங்களே பாத்துச் சொல்லுங்கோ, அந்தத் தடாகத்தைப் பற்றி உங்களுக்குத்தானே தெரியும்."

யோசித்துப் பாரும் மச்சான். என் வேலைக்கு வரப்போகிறவனை நானே தெரிவு செய்ய வேண்டும். நல்லதைத் தெரிந்தெடுத்தால் என் சனிக்கிழமை போச்சு. கூடாததைத் தெரிந்தெடுத்தால் மகளின் தடாகம் போச்சு. அன்று இரவு உமது அக்கா கேட்டாள்:

"இனிச் சனிக்கிழமையில என்னத்தைச் செய்யப் போறியள்?"

"ஆறுதலா இருப்பன்."

"மற்ற நாளெல்லாம் அதைத்தானே செய்யிறியள்."

முதலாவது றோபோவை மதீசன் இணையத்தில் பார்த்து எடுத்தான். ஆமை மாதிரி ஒரு சாமான், அடியில் சில்லு, பக்கத்தில் தூரிகை, நெற்றியில் ஒரு வட்டக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குள் கமரா இருக்கிறதாம், அதால் பார்த்துப் பார்த்துத்தான் ஊத்தையைப் பிடிக்குமாம். எனக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. போட்டியாளன் என்றாலும் நல்ல வடிவான போட்டியாளன். ஆனால் உமது அக்காவின் சட்டம் உமக்குத் தெரியும்: சில்லு வைத்த எதுவும் பூசை இல்லாமல் ஓடக்கூடாது. கார் வாங்கினோம், பூசை. சுஜானி சைக்கிள் வாங்கினாள், பூசை. சில்லுப் பூட்டிய சூட்கேசுக்கே கற்பூரம் காட்டி அனுப்பியவள் அவள். தடாகக் கரையில் கோலம் போட்டு, றோபோவை வைத்து, மாலை போட்டு, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்தாள். தேங்காய் உடைக்கச் சொன்னாள், உடைத்தேன். பாதி தடாகத்துக்குள் போய்விட்டது. கடைசியாகச் சந்தனம். எங்கே வைப்பது என்று அவள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. நெற்றிக்கு நடுவில் வட்டமாக இடம் விட்டுச் செய்திருக்கிறார்கள், ஜெர்மன்காரருக்கும் விளங்கித்தான் இருக்கிறது என்றாள். தண்ணீருக்குள் போகிற சாமான், கரையக்கூடாது என்று நெய் விட்டுக் குழைத்த சந்தனம். அதற்கு மேல் குங்குமம்.

மதீசன் பொத்தானை அமத்தினான். றோபோ தேசிக்காயை நசித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியது. எல்லோரும் கைதட்டினோம். இறங்கிய இடத்திலேயே நின்று சுற்றத் தொடங்கியது. சுற்றியது, சுற்றியது, ஒரு சாப்பாட்டுத் தட்டளவு இடத்தை மட்டும் பளபளவென்று கழுவிக்கொண்டிருந்தது. பிறகு திடீரென்று ஒரு பக்கமாக ஓடிப் படியில் முட்டியது. திரும்பி ஓடிச் சுவரில் முட்டியது. சுவரில் ஏறி, பொட்டோடு தலையைத் தண்ணீருக்கு மேலே நீட்டி, மதீசனைப் பார்த்துக் கொர் கொர் என்று மூச்சு விட்டது. "கும்பிடுது பாருங்கோ" என்றாள் உமது அக்கா. மதீசன் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்து, சத்தத்தைக் கூட்டி வைத்தான். மறுபக்கத்தில் ஒரு பெண் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியில், கமராக் கண்ணாடியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று கேட்டாள். மதீசன் என்னைப் பார்த்தான். நான் உமது அக்காவைப் பார்த்தேன். "சந்தனம் குளிர்ச்சி, அது ஒண்டையும் பழுதாக்காது எண்டு சொல்லு தம்பி" என்றாள். மருமகன் அதை ஜெர்மனில் "இல்லை, வழமைக்கு மாறாக ஒன்றும் இல்லை" என்று மொழிபெயர்த்தான். நான் சொன்னேனே, தங்கமான பிள்ளை. திருப்பி அனுப்பினோம். கம்பனி அதைத் திறந்து பார்த்துவிட்டு, கண்ணில் இனந்தெரியாத செம்மஞ்சள் படிவு, வயிற்றில் தேசிக்காய் விதையும் தேங்காய்ச் சொட்டும் என்று அறிவித்தது. பழுது எதுவும் இல்லையாம். ஆகவே முதலாவது அறிவுரை, மச்சான்: கண் உள்ளதை வாங்கினால், பூசையைப் பெட்டிக்குச் செய்யும்.

இரண்டாவது றோபோவுக்குக் கண் இல்லை, வயரும் இல்லை. பற்றரி. அதோடு அப் என்று ஒரு தொலைபேசிச் செயலி. மகள் அதை என் தொலைபேசியிலும் போட்டுத் தந்தாள். எங்கள் அல்டன்எசன் வீட்டுச் சோபாவில் சாய்ந்துகொண்டே கெற்விக் தடாகத்தைக் கழுவலாம் என்ற நினைப்பே எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினேன். பிறகுதான் தெரிந்தது, தண்ணீருக்குள் போனால் அதுக்குச் சிக்னல் போகாதாம். மேலே வந்தால்தான் நாங்கள் சொல்வதைக் கேட்கும். "உங்களைப் போலத்தான், பேப்பருக்குள்ள தலையை விட்டால்" என்றாள் உமது அக்கா.

ஒருமுறை மகளும் மருமகனும் சுவிஸுக்குக் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். வீட்டைப் பார்க்க என்னை விட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, பற்றரி முடிந்து, றோபோ ஆழமான பக்கத்தில் அடியில் போய்ப் படுத்துவிட்டது. கரையில் நின்று இழுப்பதற்கு ஒரு கொக்கி தந்திருந்தார்கள். அதை நான் வெகு கவனமாக எங்கேயோ வைத்திருந்தேன். வலைத்தடியில் உடுப்புக் கொழுவுகிற கம்பியை வளைத்துக் கட்டி, குனியக்கூடாது என்ற வைத்தியர் சொல்லுக்கு மரியாதை கொடுத்து, கரையில் வயிறு அடிபடப் படுத்துக்கொண்டு துழாவினேன். அது அசையவில்லை. நானோ சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை செய்த காலத்தில் பழகிய வாயைத் திறந்து, "டேய், இங்கால வாடா, உனக்கு என்னடா அங்க வேலை" என்று கொஞ்சம் உரக்கவே கூப்பிட்டிருக்கிறேன். வேலிக்கு மேலால் தலை வந்தது.

"ஹெர் நித்தியானந்தன், இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சட்டப்படி அமைதி நாள்."

"இயந்திரம் சத்தமே போடுவதில்லை, ஹெர் பிறிங்க்மன்."

"இயந்திரத்தை நான் சொல்லவில்லை."

நிலைமையை விளக்கினேன். மனிதர் உள்ளே போனார். திரும்பி வரும்போது முழங்கால் வரை றப்பர்ச் சப்பாத்து, பல பொக்கற் வைத்த சட்டை, கையில் தூண்டில். றூர் ஆற்றில் மீன் பிடிக்கிற சங்கத்தில் அவர் பழைய உறுப்பினராம். கரையில் நின்று காற்றைப் பார்த்தார். எங்கள் தடாகத்தில் என்ன காற்று, அது அவருக்குத்தான் தெரியும். எறிந்தார், விட்டார், இழுத்தார், றோபோவின் கைபிடியில் கொழுவி, மெல்ல மெல்ல, அது களைக்கட்டும் என்று காத்திருந்து கரைக்கு எடுத்தார். அது களைத்துத்தானே கீழே கிடந்தது என்று நான் சொல்லவில்லை. கரையேறியதும் அதைக் கைகளில் ஏந்திக்கொண்டு, என்னைக் கொண்டு ஒரு படம் எடுப்பித்தார். சங்கத்துக்கு அனுப்பவாம். நான் வடையும் தேத்தண்ணியும் கொடுத்தேன். அதன் பிறகு அந்தப் பற்றரி எப்போது முடியும் என்று எங்களைவிட அவருக்குத்தான் அவசரம். சில நாள் நாங்கள் சாப்பிடும் நேரம் பார்த்துத் தூண்டிலோடு வேலியடியில் வந்து நின்று, "இன்னும் ஓடுகிறதா?" என்று கேட்பார். மதீசன் ஒவ்வொரு சனிக்கிழமையும் தன் வளவில் ஒருவர் றப்பர்ச் சப்பாத்தோடு வடை சாப்பிடுவதைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் "மாமா, இது சரிவராது" என்றான். அதையும் திருப்பிக் கொடுத்தோம். இரண்டாவது அறிவுரை: பற்றரி உள்ளதை வாங்கினால், முதலில் அக்கம்பக்கத்தில் மீன் பிடிக்கிறவர் இருக்கிறாரா என்று விசாரியும்.

இந்த இரண்டு றோபோவும் வந்து போன இடைவெளியில், வைத்தியருக்குத் தெரியாமல் வலைத்தடி மறுபடி என் கைக்கு வந்திருந்தது. மகள் அதைக் கண்டுவிட்டாள். "அப்பா, இந்தச் சனிக்கிழமை எல்லாரும் கடைக்குப் போறம். எடுத்துக்கொண்டுதான் திரும்பி வாறம்" என்றாள். பல் பிடுங்கும்போது அவள் குரல் இப்படித்தான் இருக்கும் போல.

ஒபர்ஹவுசன் பக்கம் போனோம். தடாகச் சாமான் மட்டும் விற்கிற பெரிய கடை. நடுவில் கண்ணாடித் தொட்டி, அதற்குள் விதவிதமான றோபோக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. விற்பனையாளர் அந்தக் குளிரிலும் அரைக்காற்சட்டை போட்டிருந்தார், வாங்க வருகிறவருக்குக் கோடைகாலம் ஞாபகம் வர வேண்டும் என்றுதான் இருக்கும். உமது அக்கா தொட்டியைக் கண்டதும் சந்தனப் பேணி இருந்த கைப்பையைத் தடவினாள். மகள் அந்தப் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். விற்பனையாளர் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்து, கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்றின் மேலிருந்த துணியை விலக்கினார். என்ன சொல்ல, மச்சான். இலேசு, பிள்ளைத்தாய்ச்சியும் தூக்கலாம். வளைவு நெளிவு எல்லாம் தானே படித்துக்கொள்ளும். சுவர் ஏறும், படி தேய்க்கும். வேலை முடிந்ததும் தானே மிதந்து மேலே வந்து, கரையில் உள்ள தன் வீட்டுக்குள் ஏறி, தன் வயிற்றைத் தானே கழுவி, மின்சாரம் குடித்து, அடுத்த நாள் தானே எழும்பிப் போகும். இலை கூடுதலாக விழுகிற காலம் தெரிந்து இன்னொரு தரமும் இறங்குமாம். "இதை வாங்கினால் தடாகம் என்று ஒன்று இருப்பதையே நீங்கள் மறந்துவிடலாம்" என்றார். மதீசனின் முகத்தில் மணவறையில் இருந்தபோதும் நான் அந்தச் சிரிப்பைக் காணவில்லை. "சூப்பர், அப்பா. இனி ஒருத்தரும் ஒண்டையும் தொடத் தேவையில்லை" என்றாள் மகள். நானும் குனிந்து பார்க்காமல் நிமிர்ந்தபடியே பார்த்தேன். குறை சொல்ல ஓர் இடமும் இல்லை. இரண்டு றோபோவில் பட்ட பாட்டுக்கெல்லாம் அதில் மருந்து இருந்தது.

ஆகவே மச்சான், இவ்வளவு பாடுபட்டுப் படித்தவன் சொல்கிறேன், யோசிக்க வேண்டாம், சேயோனுக்கு அந்த இனத்தையே வாங்கும். வயர் இல்லாதது, இலேசானது, தானாக ஏறுவது, தானாகக் கழுவுவது. நீரும் வயதுபோன மனுஷன், முழங்காலும் சரியில்லை. குடிபுக முன்னமே ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் வீட்டுக்குப் போய் நீர் வலைத்தடியோடு மல்லுக்கட்டுவதாக மகாதேவி சொல்லி அழுததாக உமது அக்கா சொன்னாள். இனி அந்தக் கரைச்சல் வேண்டாம். வீட்டில் இருந்து காலை நீட்டி ரிவி பாரும். சாமான் தன் பாட்டில் எல்லாம் செய்யும்.

தங்கச்சி மகாதேவிக்கு என் அன்பும், சேயோனுக்கும் மருமகளுக்கும் புது வீட்டில் நல்ல தண்ணீரும் நல்ல வாழ்வும் நிறைந்திருக்க என் ஆசீர்வாதமும். உமது முழங்காலுக்கு என் முதுகின் அனுதாபத்தைச் சொல்லும்.

இப்படிக்கு,
உமது அத்தான்,
நித்தியானந்தன்

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உமது அக்கா வாங்கி வாசித்தாள். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "நீங்கள் வாங்கச் சொல்லி எழுதியிருக்கிறது ஒண்டு, சுஜானி வீட்டில நிக்கிறது வேற ஒண்டு. என்ர தம்பிக்குப் பொய்யோ எழுதுறியள்?" என்றாள். ஆகவே கடையில் நடந்த மிச்சத்தையும் எழுத வேண்டியதாகிவிட்டது.

மகள் "சூப்பர்" என்று சொன்ன பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "ஆனால் அப்பாதான் சொல்லோணும். நான் அவரிட்ட விட்டனான்" என்றாள். நான் யோசிக்கிற மாதிரிக் கடையைச் சுற்றி நடந்தேன். மூலையில் ஒன்று நின்றது. நல்ல உறுதியான பழைய இனம், உடும்பின் வால் தடிப்பில் நீள வயர், தள்ளுவதற்கு ஒரு வண்டில், ஈரத்தில் ஒரு ஆட்டுக்கல்லின் பாரம். விற்பனையாளருக்கு அதைக் காட்ட விருப்பமே இல்லை. ஓடி முடிந்ததும் ஒருவர் வெளியே இழுக்க வேண்டும், வயிற்றைத் திறந்து கூடையை எடுத்துக் கையால் கழுவ வேண்டும், வயரின் முறுக்கை எடுத்துக் காயப்போட வேண்டும், பிறகு வண்டிலில் ஏற்றிக் கொட்டிலுக்குத் தள்ள வேண்டும் என்று அலுப்போடு சொன்னார்.

"ஒவ்வொரு முறையுமா?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு முறையும்."

"தானாக ஒன்றும் செய்யாதா?"

"ஒன்றும் செய்யாது."

இதுதான் வேண்டும் என்றேன். மதீசன் அந்த வண்டிலைத் தள்ளிப் பார்த்தான். பிறகு, "மாமா, உங்கட முதுகு?" என்றான். வண்டில் இருக்கிறதே என்றேன். வயர் இருந்தால் பற்றரி சாகாது, ஹெர் பிறிங்க்மன் வரமாட்டார் என்றேன். கூடையைக் கண்ணால் பார்த்துக் கழுவினால்தான் ஊத்தை போனது தெரியும் என்றேன். எல்லாம் உண்மையான காரணங்கள், மச்சான், ஒன்றும் பொய்யில்லை. சுஜானி மட்டும், வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். பிறகு விற்பனையாளரிடம் திரும்பி, "அதையே தாருங்கள்" என்றாள்.

இப்போது அவள் இழுத்து ஏற்றுகிறாள், நான் கூடை கழுவுகிறேன். பாரம் தூக்கக்கூடாது என்றுதானே வைத்தியர் சொன்னார், கூடையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் ஒரு கோடு போட்டு வெட்டிவிடும். தானாக மிதக்கிறது, தானாக ஏறுகிறது, தானாகக் கழுவுகிறது எதையும் சேயோன் வீட்டுப் பக்கம் கொண்டுபோகாதையும். கடையில் உள்ளதிலேயே பாரமானதை, நீளமான வயர் உள்ளதை, ஒருவர் பக்கத்தில் நின்றே ஆக வேண்டியதை வாங்கும். முழங்காலைப் பற்றி மகாதேவி கேட்டால் வண்டில் இருக்கிறது என்று சொல்லும்.

அன்றைக்குக் காரில் திரும்பி வரும்போது சுஜானி, "அப்பா, கடைக்காரர் கிழமையில ரெண்டு தரம் ஓடவிடச் சொன்னவர். சனிக்கிழமை நீங்கள் வாறீங்கள்தானே. மற்றது புதன்கிழமை, அதை நாங்கள் சமாளிக்கிறம்" என்றாள். "ஓம் பிள்ளை, அது நல்லது" என்றேன். புதன்கிழமையும் நான் சும்மாதான் இருக்கிறேன் என்று சொல்லவில்லை.